சாலையில் எல்லாம் பச்சை

ஜூன் 9, திங்கள்

நான் போனில் சரியாகப் பேசுவதில்லையாம். "அன்னன்னைக்கு நடக்குறத எழுதியாவது வைங்க, வந்ததும் படிச்சுக்கறேன்" என்று வளர்மதி சொல்லிவிட்டாள். மாசமாக இருப்பவள் கேட்பதைத் தட்ட முடியாது. எழுதுகிறேன்.

ஊர் குயில்மேடு எஸ்டேட். கூடலூரிலிருந்து பஸ் ஏறி, செக்போஸ்ட் தாண்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வர வேண்டும். பெயரைக் கேட்டால் என்னவோ மாதிரி குளுகுளு என்று இருக்கிறது. வந்து பார்த்தால் மழை, அட்டைப் பூச்சி, காயாத உள்ளாடை. கயிறு கட்டித் துணி போட்டிருக்கிறேன். காலையில் போட்டதை விட மாலையில் அதிக ஈரமாக இருக்கிறது.

வேலை இதுதான். இந்த மலைச்சாலை நெடுக உள்ள டவர்களில் புதுத் தலைமுறைக் கருவி மாட்டுகிறார்கள். ஏறி மாட்டுபவர்கள் வேறு ஆட்கள். மாட்டி முடித்ததும் பழையதை அணைத்துவிட்டு, எல்லா இடத்துக்கும் சிக்னல் போகிறதா என்று அளந்து கொடுப்பவன் நான். ஜூலைக்குள் முடித்தால் மதுரைக்கு மாற்றல் வாங்கித் தருகிறேன் என்று கோயம்புத்தூர் ஆபீஸில் ரகுராமன் சார் சொல்லியிருக்கிறார். பிரசவம் ஆகஸ்டில். அதற்குள் மதுரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் 12, வியாழன்

சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்தது. சாலை ஓரத்தில் தனபாக்கியம் அக்கா டீக்கடை வைத்திருக்கிறார். காலையில் ஆப்பம், மதியம் சோறும் தேங்காய்ச் சம்பலும். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களாம், அதனால் கையில் அந்த ருசி. உறைப்பு மட்டும் உச்சிக்கு ஏறுகிறது.

அவர்கள் குடியிருப்பது கீழே, ஏழாம் நம்பர் லயத்தில். லயம் என்றால் தொழிலாளர்களுக்காக எஸ்டேட் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். சாலையிலிருந்து பார்த்தால் தகரக் கூரை மட்டும் தெரியும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும், வண்டி போகாது. பெரும்பாலும் வயதானவர்கள். இளசுகள் எல்லாம் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், ஸ்மார்ட்போனையும் எடுத்துக்கொண்டு.

ஜூன் 17, செவ்வாய்

மழை. வேலை இல்லை. வளர்மதிக்குக் கால் வீக்கமாம். உப்பைக் குறைக்கச் சொன்னேன். நீங்கள் வந்து குறைத்து வையுங்கள் என்றாள்.

ஜூன் 19, வியாழன்

அக்காவின் வீட்டுக்காரர் வேலாயுதம் அண்ணனை இன்று பார்த்தேன். எஸ்டேட் ஃபேக்டரியில் இலை வாட்டும் அடுப்புக்கு நெருப்பு மூட்டுபவர். விடிவதற்கு முன்பே மேலே ஏறி வந்துவிட வேண்டும், அவர் மூட்டினால்தான் மற்றவர்களுக்கு வேலை. கழுத்தில் ஒரு பட்டன் போன், பிளாஸ்டிக் உறை போட்டு, கயிறு கட்டித் தொங்குகிறது. நான் அதைப் பார்த்ததும் எடுத்துக் காட்டினார். பேசுவதற்கு இல்லையாம், யானைக்காம்.

இங்கே யானை பார்ப்பதற்கென்று ஒரு குழு இருக்கிறது. பகலெல்லாம் காட்டோரம் சுற்றி, கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பிவிடுவார்கள். லயத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பவர் வேலாயுதம் அண்ணன்தான். வாசலில் நின்று சத்தமாகப் படிப்பார், வரிசை முழுக்கக் கேட்கும். பக்கத்தில் யானை என்று வந்தால் மறுநாள் வெளிச்சம் வரும்வரை யாரும் கதவைத் திறப்பதில்லை. அவரும் வேலைக்குத் தாமதமாகப் போவார். போனை நீட்டினால் ஃபேக்டரி சூப்பர்வைசர் ஒன்றும் சொல்ல மாட்டாராம். மெசேஜ் இல்லாமல் தாமதமாகப் போனால்தான் வசவு.

இந்தப் பலாப்பழக் காலம் முடியும்வரை அடிக்கடி வரும் என்றார். லயத்துக்குப் பின்னால் இரண்டு பலா நிற்கிறது. வாசனை சாலைவரை வந்தது. எனக்கும் நாக்கில் ஊறியது, யானையைக் குறை சொல்ல முடியாது.

ஜூன் 24, செவ்வாய்

புதுக் கருவி மாட்டி முடித்தாயிற்று. மேலே உள்ள ரிசார்ட் மேனேஜர் எனக்குக் கை கொடுத்தார். வருகிறவர்கள் எல்லாரும் வீடியோ நின்று நின்று ஓடுகிறது என்று திட்டிவிட்டுப் போகிறார்களாம். சனி ஞாயிறு வந்தால் ஆளுக்கு இரண்டு போன், மலையைப் பார்ப்பதை விட மலையைப் படம் பிடித்து அனுப்புவதுதான் அதிகம். பாவம் டவர், மூச்சு வாங்குகிறது.

வளர்மதி, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உன் அண்ணன் கேட்டால் சொல்ல வசதியாக ஒன்று எழுதி வைக்கிறேன். பழைய அலை மெதுவானது. ஆனால் மேடு பள்ளம் ஏறி இறங்கி எங்கேயும் போய் நிற்கும். புதியது வேகமானது. ஆனால் நான்கு சில்வர் ஓக் மரம் குறுக்கே நின்றால் அங்கேயே நின்றுவிடும். பழையது இருக்கிற இடத்தைக் காலி செய்து கொடுத்தால்தான் புதியதற்குத் தாராளமாக இடம் கிடைக்கும். அதனால் பழையதை அணைக்கிறோம்.

ஜூன் 28, சனி

டிரைவ் டெஸ்ட் முடிந்தது. ஜீப்பில் முன்பக்கம் போன்களை வரிசையாக மாட்டி, அஷ்ரப் வண்டியை ஊர்ந்து போகும்படி ஓட்டுவார். நான் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வண்டி போகப் போக வரைபடத்தில் புள்ளி விழும். சிக்னல் நன்றாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. சாலை நெடுக பச்சை. அஷ்ரப் கூடலூர்க்காரர், இந்த வேலையில் என்னைவிடப் பழையவர். எட்டிப் பார்த்துவிட்டு, "சாரே, மதுரைக்கு டிக்கெட் எடுத்துக்கோ" என்றார்.

கடையில் இறங்கி டீ குடித்தேன். அக்கா பலாச்சுளை கொடுத்தனுப்ப நினைத்தார், வீட்டில் இருக்கிறதாம். எடுத்து வர நானும் அவரோடு லயத்துக்கு இறங்கினேன். அளக்கிற போன் ஒன்று சட்டைப் பையில் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த மறந்துவிட்டேன். மேலே வந்து பார்த்தால் சாலையிலிருந்து கீழே ஒரு வால் மாதிரி இறங்குகிறது, முழுக்கச் சிவப்பு. லயத்தில் புதிய அலை ஒன்றுமே இல்லை.

சுளை நன்றாக இருந்தது.

ஜூன் 30, திங்கள்

ரகுராமன் சாரிடம் போனில் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் பிறகு சொல்லக் கூடாது. அவர் வரைபடத்தைத் திறந்து பார்த்தார். கீபோர்டு தட்டுவது எனக்கு இங்கே கேட்டது.

"வண்டி போகாத எடத்துக்கு நீ எதுக்குய்யா போன? ரோட்டுல இல்லாத புள்ளிய ரிப்போர்ட்டே ஏத்துக்காது. எடுத்துட்டு அனுப்பு."

கீழே ஆள் இருக்கிறார்கள் சார் என்றேன். அந்த டவரில் யார் எவ்வளவு டேட்டா பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துச் சொன்னார். எல்லாம் ரிசார்ட்டும் சாலையும்தான், கீழ்ப்பக்கம் ஒன்றுமே இல்லை. உண்மைதான். பட்டன் போனில் மெசேஜ் வாங்குபவன் டேட்டா கணக்கில் எங்கே வருவான்? யானை மெசேஜைப் பற்றியும் சொன்னேன். அது வேறு டீம் பார்த்துக்கொள்ளும், மெயில் போடு என்றார். போட்டேன்.

புள்ளிகளை எடுத்துவிட்டேன். அதுதான் முறை. இப்போது வரைபடத்தில் சிவப்பே இல்லை. லயம் இருக்கிற இடம் வெறும் வெள்ளையாக இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

காலையில் பழையதை அணைத்தார்கள். எனக்கு வேலை ஒன்றும் இல்லை, பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தமெல்லாம் எதுவும் கிடையாது. லேப்டாப் திரையில் ஒரு வரி மறைந்தது.

வேறு டீமிடமிருந்து பதில் இல்லை.

ஜூலை 5, சனி

வேலாயுதம் அண்ணன் கடையில் எனக்காகக் காத்திருந்தார். போனில் டவர் கோடே இல்லை, என்னவென்று பாருங்கள் என்று கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். இன்னும் கதகதப்பாக இருந்தது.

அணைக்கப் போகிறோம் என்று எல்லாருக்கும் மெசேஜ் போயிருக்க வேண்டும். போயிருக்கிறது. இங்கிலீஷில். விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டாராம். வாடிக்கையாளர் கேட்டால் போனை மாற்றச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அணைத்ததைப் பற்றிப் பேசக் கூடாது, ஊரில் கூட்டம் கூடிவிடும், வேலை நிற்கும்.

போன் பழசு அண்ணே, உள்ளே ஏதோ போயிருக்கும் என்றேன். அக்கா உடனே, "நாந்தான் சொன்னேனே, மழைல நனைச்சிருப்பீங்க" என்று அவரைப் பிடித்துக்கொண்டார். அவர் சட்டையில் துடைத்து மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டார். யானை பார்க்கிறவர்கள் வந்தால் கேட்டுக்கொள்கிறேன் என்றார். அவர்கள் ஜீப் இந்தப் பக்கம் எப்போதாவதுதான் வருமாம்.

புதுப் போன் வாங்கினால் சாலையில் நன்றாகவே எடுக்கும். அதை மட்டும் சொன்னேன். லயத்தில் எடுக்காது என்பதைச் சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

துவைத்த துணியெல்லாம் பூஞ்சை வாடை. வளர்மதிக்கு ஸ்கேன், எல்லாம் நன்றாக இருக்கிறது. குழந்தை கையை முகத்தில் வைத்துக்கொண்டு படம் எடுக்க விடவில்லையாம்.

வேறு டீமுக்கு இன்னொரு மெயில் போட நினைத்தேன். மழையில் கரண்ட் போய்விட்டது.

ஜூலை 11, வெள்ளி

ரிப்போர்ட்டை ஏற்றுக்கொண்டார்கள். மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது, பதினாறாம் தேதி கிளம்பலாம். வளர்மதி போனில் அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. சந்தோஷமான நாள்.

சாயங்காலம் கடையில் வேலாயுதம் அண்ணன். இத்தனை நாளாக யானை மெசேஜ் இல்லையே, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, வாயில் வந்துவிட்டது.

"மெசேஜ் வரலன்னா யானை இல்லன்னுதானே தம்பி? போன்ல கோடு இல்லதான். ஆனா மனசு அப்பிடித்தான் நெனைக்குது. இத்தன வருசப் பழக்கம்."

நேற்று பலா மரத்தில் ஒரு கிளை முறிந்து கிடந்ததாம். காற்றாகவும் இருக்கலாம் என்றார். காலையில் தாமதமாகப் போகலாமே என்று சொன்னேன். சூப்பர்வைசரிடம் எதைக் காட்டுவது என்று கேட்டார். கிளம்பும்போது, மதுரையில் பட்டன் போன் நல்லதாகக் கிடைத்தால் ஒன்று வாங்கி அனுப்புங்கள் என்றார். சரி என்றேன்.

ஜூலை 14, திங்கள்

வேலாயுதம் அண்ணன் இறந்துவிட்டார்.

ஜூலை 14, மாலை

விடிவதற்கு முன் ஃபேக்டரிக்கு ஏறி வந்திருக்கிறார். பலா மரத்தைத் தாண்டி, பாதை திரும்புகிற இடம். யானை தாயும் குட்டியுமாக நின்றிருக்கிறது. டார்ச் மட்டும் தேயிலைச் செடிக்குள் எரிந்துகொண்டே கிடந்ததாம். மேலே அடுப்பு மூட்டவில்லையே என்று ஃபேக்டரியிலிருந்து ஆள் தேடி இறங்கியபோதுதான் தெரிந்திருக்கிறது.

நான் போனபோது பாதை முழுக்கக் கூட்டம். சாலையில் நின்று ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். ரிசார்ட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். ஒரு பெண் நேரலையில் பேசிக்கொண்டிருந்தாள், படம் துளிகூட நிற்கவில்லை. அக்கா கீழே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். ஏதாவது கேட்பார் என்று நின்றேன். வந்தீங்களா தம்பி என்று மட்டும் சொன்னார்.

யானைக் குழுவில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். நேற்று ஆறு மணிக்கே அனுப்பினேன், ஏழாம் நம்பர் லயம் என்று பெயர் போட்டே அனுப்பினேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அஷ்ரப்பின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

ரகுராமன் சார் போன் செய்தார். நேற்று குயில்மேடு டவரில் போன டேட்டா, எங்கள் மலைப்பகுதியிலேயே அதிகமாம். அத்தனை வீடியோவும் தடையில்லாமல் போயிருக்கிறது.

"பாத்தியா? நாம போட்டது வீணில்ல. மேலிடத்துல உன் பேரச் சொல்லிருக்கேன்."

அது என்ன வீடியோ என்று சொன்னேன். பிறகு, நம் வரைபடத்தில் ஏதாவது சிவப்பு இருந்ததா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அப்புறம் என்ன என்றார்.

அஷ்ரப் சாப்பிட வரவில்லை. அன்று நான் சிவப்புப் புள்ளிகளை நீக்கியது அவருக்குத் தெரியும். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 16, புதன்

கிளம்புவதற்கு முன் அக்காவைப் பார்க்க இறங்கினேன். வாங்கிச் சாப்பிட்டதற்குப் பணம் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றார். உள்ளே போய் அந்தப் போனை எடுத்து வந்து கொடுத்தார். உறை கிழிந்திருக்கிறது. போனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இத மட்டும் சரி பண்ணிக் குடுத்தனுப்புங்க தம்பி. கடையத் தெறக்கணும்ல, இனி நாந்தான் இருட்டுல அந்தப் பாதைல ஏறணும். மெசேஜ் வந்தாத்தான் எனக்குத் தெரியும்."

யார் படித்துச் சொல்வது என்று கேட்டேன். ஏழாம் நம்பர் என்று இருந்தால் எனக்குத் தெரியும், அந்த எழுத்தை அவர் காட்டிக் கொடுத்திருக்கிறார் என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறக்கத்தான் திறந்தேன். சரி அக்கா என்றுதான் வந்தது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

செக்போஸ்ட் தாண்டி வளைவில் இறங்கும்போது பை அதிர்ந்தது. கீழே உள்ள டவர்களில் பழையதை இன்னும் அணைக்கவில்லை. எடுத்துப் பார்த்தேன். தேங்கிக் கிடந்த மெசேஜ்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அவற்றில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை மாலை அனுப்பியது.

"தாயும் குட்டியும் ஏழாம் நம்பர் லயம் பலா மரங்கள் அருகில். காலை வெளிச்சம் வரும் வரை யாரும் வெளியே வர வேண்டாம்."

பக்கத்துச் சீட்டுக்காரர், ஏன் தம்பி உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மலைப்பாதை, தலை சுற்றுகிறது என்றேன். ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஜூலை 24, வியாழன்

மதுரை. துணி ஒரு மணி நேரத்தில் காய்கிறது.

போனில் ரிப்பேர் செய்ய ஒன்றும் இல்லை. திருப்பி அனுப்பினால் அங்கே செத்த போன்தான். புதியது வாங்கி அனுப்பலாம், கடை வாசலில் எடுக்கும், லயத்தில் எடுக்காது. அப்போது அக்கா என்ன நினைப்பார்? புதுப் போன் இருக்கிறது, மெசேஜ் வரவில்லை, அப்படியானால் யானை இல்லை என்று நினைப்பார். அதற்கு எதுவும் அனுப்பாமல் இருப்பதே மேல். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு வாரமாக அனுப்பாமல் இருக்கிறேன்.

வேறு டீமிடமிருந்து பதில் வந்துவிட்டது. இடம் எங்கள் வரைபடத்தில் இல்லை, அளந்த ரிப்போர்ட்டை இணைத்து அனுப்பவும் என்று கேட்டிருக்கிறார்கள். என் ரிப்போர்ட்டைத் திறந்தேன். நான் கையெழுத்துப் போட்டது. சாலை பச்சை, மற்றது வெள்ளை. நீக்கிய புள்ளிகள் நீக்கியவைதான், திரும்ப வராது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பெண் குழந்தை. வளர்மதி நலம். குழந்தை இப்போதும் கையை முகத்தில்தான் வைத்துக்கொண்டு தூங்குகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அந்தப் போனை அணைத்து வைக்க முடியவில்லை. சார்ஜ் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். மதுரையில் பழைய அலை நன்றாகவே எடுக்கிறது. தினமும் மாலை ஆறு மணிக்கு அதிரும். வளர்மதி யாருடைய போன் என்று கேட்டாள். ஆபீஸ் போன் என்றேன். இந்த நோட்டை அவள் கேட்கும்போது மலையிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்கு வந்தது இது: "கூட்டம் ஏழாம் நம்பர் லயம் மேல்புறம். பாதையில் நடமாட வேண்டாம்."

மெசேஜ் வந்த எண்ணுக்குத் திருப்பி அடித்தால் போகாது. அஷ்ரப்புக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ரிசார்ட்டுக்கு அடித்தேன். உடனே எடுத்தார்கள், குரல் தெள்ளத் தெளிவாக இருந்தது. டீக்கடை அக்காவுக்கு ஒரு தகவல் சொல்ல வேண்டும் என்றேன். கடை சாத்தியாயிற்று சார், அவங்க கீழே இறங்கிட்டாங்க, காலைல வந்ததும் சொல்றோம் என்றார்கள். இப்போதே யாராவது இறங்கிச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். யானை நிக்குதுன்னு நீங்கதானே சொல்றீங்க, யார் சார் இறங்குவா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள்.

குழந்தை அழுகிறது. வளர்மதி கூப்பிடுகிறாள். அக்கா விடிவதற்கு முன் எழுந்து, எந்தப் போனும் இல்லாமல், கடை திறக்க ஏறுவார்.

ஆகஸ்ட் 13, புதன்

காலையிலிருந்து ரிசார்ட்டுக்கு அடிக்கிறேன். லைன் பிஸியாகவே இருக்கிறது.